தேவ்நார்: நிச்சயமின்மை யாருடைய தயாரிப்பு?

மும்பையில் வெள்ளம் புகுந்தாலும், குண்டு வெடித்தாலும், ரயில்கள் நின்றுபோனாலும், மறுநாள் காலையில் முதலாளித்துவப் பத்திரிகைகள் ஒரே பல்லவியைப் பாடும். மும்பைக்காரர் எதையும் தாங்குவார், விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார், இதுவே இந்நகரத்தின் மனஉறுதி என்பதே அந்தப் பல்லவி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நூற்றுக்கணக்கானோர் மாண்டபோதும் இதே பாட்டுதான். விடிந்ததும் வேலைக்குப் போகாதவர் வீட்டில் மாலையில் அடுப்பு எரியாது என்ற எளிய உண்மை அதில் இடம்பெறுவதில்லை. அண்மைக் காலமாக இந்தப் பல்லவியோடு மேலாண்மைப் படிப்பாளிகளின் சுருதியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. குழப்பத்தோடு வாழப் பழகு, நிச்சயமின்மையை வாய்ப்பாக மாற்று, வளைந்து கொடுக்கத் தெரிந்தவனே பிழைப்பான் என்று அவர்கள் போதிக்கிறார்கள். நிரந்தர வேலை, ஓய்வூதியம், தொழிற்சங்கம் ஆகியவற்றை எதிர்பார்ப்பவர்கள் பழங்காலத்து மனிதர்கள் என்பது இப்போதனையின் மறுபக்கம்.

இந்த உபதேசத்தை உரசிப் பார்ப்பதற்குத் தேவ்நாரைவிடப் பொருத்தமான உரைகல் கிடைப்பது அரிது. செம்பூரையும் கோவண்டியையும் தாண்டி, தானே கடற்கழியின் ஓரத்தில், ஏறத்தாழ 130 ஹெக்டேர் பரப்பில் குவிந்து கிடக்கும் குப்பை மலைக்குப் பெயர் தேவ்நார். நாட்டின் மிகப் பழைய குப்பைக் கிடங்குகளில் ஒன்றான இது, மாநகராட்சிக் கணக்கின்படி 1927 முதல் இயங்கிவருகிறது. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906 இல் ரயில் பாதை போடப்பட்டதே நகரத்துக் குப்பையை ஏற்றி வருவதற்காகத்தான். பயணிகள் வண்டி அதில் ஓடத் தொடங்கியது 1924 இல். மனிதருக்கு முன்னால் குப்பை ரயிலேறி வந்த வட்டாரம் இது. மலையைச் சுற்றிலும் சிவாஜி நகர், பைங்கன்வாடி, ரஃபீக் நகர் எனக் குடிசைப் பகுதிகள். சற்றுத் தள்ளி, பாந்திராவிலிருந்து 1971 இல் மாற்றப்பட்ட பெரிய இறைச்சிக்கூடம். இன்னும் தெற்கே, தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் சீட்டா கேம்ப். இவை அனைத்தும் அடங்கிய எம்-கிழக்கு வார்டுதான் 2009 ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரத்தின் 24 வார்டுகளில் கடைசி இடத்தைப் பெற்றது.

இம்மலையில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளிக்கு ஷிப்ட் கிடையாது. சங்கு ஊதுவதும் கிடையாது. லாரி வருகிற நேரமே வேலை நேரம். நள்ளிரவில் வந்தால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நள்ளிரவில் ஏற வேண்டும். எந்த லாரி எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கும் என்ற அறிவுதான் இங்கே மூலதனம். வசதியானோர் வாழும் தெருக்களின் லாரியில் பாட்டிலும் அட்டையும் மிகுதி. கட்டட இடிபாட்டு லாரியில் இரும்புக் கம்பி கிடைக்கும். சந்தையிலிருந்து வருவது பெரும்பாலும் அழுகல். லாரி கொட்டிய சில நிமிடங்களுக்குள், புல்டோசர் தள்ளிவிடுவதற்கு முன்னால், கையால் தொட்டும் நெரித்தும் பிளாஸ்டிக்கின் இனத்தைப் பிரித்தறிய வேண்டும். செம்பு எது, செம்புப் பூச்சு எது என்பதும் அந்த நிமிடங்களுக்குள் தெரிய வேண்டும். இந்தத் திறமைக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் அது திறமையல்ல என்று சொல்வோர், பிரிக்கப்படாத ஒரு மூட்டைக் குப்பையை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

பொறுக்கியதை எடைபோட்டு வாங்குபவர் பங்கார் கடைக்காரர். சென்னையில் காயலான் கடை என்பதைத்தான் மும்பைத் தமிழர் பங்கார் கடை என்கிறார்கள். அங்கிருந்து அது பெரிய வியாபாரிக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி தாராவியின் 13 ஆம் காம்பவுண்டுக்குப் போய், தரம்பிரித்து, கழுவி, அரைத்து, உருக்கிக் குருணையாகி மீண்டும் ஆலைக்குள் நுழைகிறது. சங்கிலியின் அடிக் கண்ணியில் கிலோவுக்கு என்ன விலை என்பதை நிர்ணயிக்கும் சக்திகள் தேவ்நாரில் இல்லை. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிறது. புதுப் பிளாஸ்டிக் மலிவானால் பழைய பிளாஸ்டிக்கை வாங்க ஆளில்லை. ஆலை முதலாளி குறைத்த விலையை வியாபாரி கடைக்காரரின் தலையில் இறக்குகிறார். கடைக்காரர் பொறுக்குபவரின் தலையில் இறக்குகிறார். பொறுக்குபவருக்குக் கீழே யாருமில்லை. நேற்று முப்பது கிலோ சுமந்து பெற்ற கூலியை இன்று பெற ஐம்பது கிலோ சுமக்க வேண்டியிருப்பதன் காரணம் அவருக்கு யாரும் சொல்வதில்லை. பன்னாட்டு எண்ணெய்ச் சந்தையின் ஏற்ற இறக்கங்கள் கடைசியில் சுமையாக வந்து இறங்குவது ஒரு பெண் தொழிலாளியின் முதுகில். நிச்சயமின்மை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இப்படிக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்த்தால், அது வானத்திலிருந்து விழுவதில்லை என்பது தெரியும். அது மேலிருந்து கீழே கைமாற்றிவிடப்படுகிறது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வட்டாரத்தில் நடந்தவற்றை வரிசைப்படுத்தினால் இது இன்னும் தெளிவாகும். 2015 மார்ச்சில் மகாராஷ்டிர அரசின் திருத்தச் சட்டம் காளைகளையும் எருதுகளையும் வெட்டத் தடை விதித்தது. தேவ்நார் இறைச்சிக்கூடத்தை நம்பியிருந்த குடும்பங்களும், தாராவியின் தோல் பட்டறைகளும் அடிவாங்கின. 2016 நவம்பர் 8 அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார்; ரொக்கத்தில் மட்டுமே நடக்கும் பங்கார் வியாபாரம் மறுநாள் முடங்கியது. 2020 மார்ச் 24 அன்றும் அதே இரவு எட்டு மணி, அதே நான்கு மணி நேர அவகாசம். இவற்றில் ஒன்றுகூட இயற்கைச் சீற்றம் அல்ல. ஒவ்வொன்றின் கீழும் ஒரு கையெழுத்து இருக்கிறது.

2016 ஜனவரி இறுதியில் குப்பை மலையில் பற்றிய தீயைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் எரிந்த அந்தத் தீயின் புகை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில்கூடத் தெரிந்தது. வட்டாரத்தின் மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச்சில் மறுபடி பெருந்தீ. மக்கும் குப்பையையும் மக்காக் குப்பையையும் பல்லாண்டுகளாக ஒன்றாகக் கொட்டினால் உள்ளே மீத்தேன் உருவாகும், அது தீப்பற்றும் என்பது பாலபாடம். குப்பையைத் தரம்பிரிக்க வேண்டும் என்ற விதி 2000 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் தீக்குப் பின் நடந்தது என்ன? சுற்றுச்சுவர் உயர்ந்தது, காவலாளிகள் கூடினர், கண்காணிப்புக் கேமராக்கள் வந்தன, பங்கார் வியாபாரிகள் சிலர் கைதானார்கள். பொறுக்குவோர் உள்ளே நுழைவது குற்றமாயிற்று. நகரத்துக் குப்பையை ஓரளவேனும் தரம்பிரித்துவந்த ஒரே கூட்டத்தைத் தீக்குப் பொறுப்பாளியாக்கி வெளியே தள்ளினார்கள். மலை அங்கேயே இருந்தது, லாரிகளும் வந்துகொண்டிருந்தன, வயிறும் இருந்தது. எனவே அவர்கள் சுவரின் ஓட்டை வழியாக, இருட்டில், கையில் கொஞ்சம் காசோடு போனார்கள். அதுவரை அபாயமானதாக மட்டுமிருந்த வேலை அன்றிலிருந்து களவும் ஆகியது.

இதே தீயைத் தொடர்ந்து 2016 பிப்ரவரி இறுதியில் பம்பாய் உயர்நீதிமன்றம், குப்பை மேலாண்மை சீர்படும் வரை நகரில் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. கட்டுமான முதலாளிகள் உச்சநீதிமன்றம் வரை சென்று 2018 மார்ச்சில் தளர்வு பெற்றார்கள். பொறுக்குவோருக்கு எதிராக எழுந்த சுவருக்குத் தளர்வு கேட்டு உச்சநீதிமன்றம் போக யாரிருந்தார்கள்? அதே 2016 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து ஏற்பாட்டுக்குள் இணைக்க வேண்டும் என்று கூறின. விதி காகிதத்தில் இருந்தது. சுவர் செங்கல்லில் நின்றது.

சமாளிப்பின் விலை

இத்தனைக்கும் நடுவே மக்கள் வாழ்கிறார்கள். எப்படி வாழ்கிறார்கள் என்பதில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒருவர் மலையேறுவார். ஒருவர் ஜரிகை வேலைப் பட்டறையில் உட்காருவார். ஒருவர் செம்பூர் அடுக்ககங்களில் பாத்திரம் தேய்ப்பார். ஒருவர் ஆட்டோ ஓட்டுவார். ஒரு வருமானம் அறுந்தால் இன்னொன்று தாங்கும் என்ற கணக்கு இது. பெண்கள் சேர்ந்து மாதச் சீட்டுப் பிடிக்கிறார்கள். மும்பையில் அதற்குப் பீசி என்று பெயர். யாருக்கு முதலில் சீட்டை விட்டுக்கொடுப்பது என்பதில் பிரசவம், சாவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் பார்க்கப்படும். மழைக்காலத்தின் நான்கு மாதம் காகிதமும் அட்டையும் நனைந்து விலையிழக்கும், மலைச் சரிவு வழுக்கும் என்பது தெரிந்ததே. அதற்கு முன்னேற்பாடாகப் பங்கார் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கிவைப்பது வழக்கம். அண்டைவீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுவது, தண்ணீர்க் குழாயடியில் முறைவைப்பது, ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு இடம் காட்டுவது என எழுதப்படாத விதிகள் பலவுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் குழப்பம் என்று நினைப்பது உள்ளே ஓர் ஒழுங்கு. ஆட்சியாளர்கள் உருவாக்கும் குழப்பத்துக்கு எதிராக உழைப்பாளிகள் தம் கையால் கட்டியெழுப்பிய ஒழுங்கு அது.

இதைக் கண்டு வியந்து, தொழில்முனைவு என்றும் மீள்திறன் என்றும் பெயர் சூட்டிக் கருத்தரங்கு நடத்துவோர் இருக்கிறார்கள். தாராவியைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டவருக்குக் கட்டணச் சுற்றுலா நடத்தப்படும் காலம் இது. வியப்பதற்கு ஆள் பஞ்சமில்லை. அவர்கள் விட்டுவிடுவது ஒன்றுண்டு. ஒவ்வொரு சமாளிப்பும் எதையாவது தின்றுதான் நடக்கிறது. முன்பணம் கொடுத்த கடைக்காரருக்கே அவர் சொன்ன விலைக்குச் சரக்கை விற்க வேண்டும். கடன் அடையும் வரை வேறு கடைக்குப் போக முடியாது. குடும்பத்தின் நான்காவது வருமானம் பெரும்பாலும் பள்ளியை விட்ட ஒரு சிறுமியின் வருமானம். தாலிச் சங்கிலி ஒருமுறைதான் அடகுக்குப் போகும். திரும்பாவிட்டால் அடுத்த மழைக்கு அது இல்லை. ஊரில் இருந்த அரை ஏக்கரும் ஒருமுறைதான் விற்கும். நுரையீரலுக்கும் இதே கணக்குத்தான். நெருக்கடியைத் தாங்குகிறார்கள் என்பது உண்மை; ஆனால் ஒவ்வொரு நெருக்கடியையும் முந்தையதைவிடக் குறைந்த கையிருப்போடு தாங்குகிறார்கள். தாங்கும் சக்தியைப் புகழ்பவர்கள் இந்தக் கையிருப்பைக் கணக்கெடுப்பதில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வாழ்க்கை

இவ்வட்டாரத்தின் எந்தக் குடிசையிலும் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருக்கும் பொருள் நகை அல்ல, காகிதம். ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் நகல், மின்கட்டண ரசீது, பழைய கணக்கெடுப்புச் சீட்டு என எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். மும்பையில் ஏழையின் வீடு வீடா ஆக்கிரமிப்பா என்பதை முடிவுசெய்வது ஒரு தேதி. அந்தத் தேதியும் நிலையாக நிற்பதில்லை. 1995 ஜனவரி 1 என்றார்கள்; பிறகு 2000 ஜனவரி 1 என்றார்கள்; பணம் கட்டுவோருக்கு 2011 என்றார்கள். தேர்தல் நெருங்கினால் தேதி நகரும். நில மதிப்பு ஏறினால் புல்டோசர் நகரும்.

சீட்டா கேம்ப் எப்படிப் பிறந்தது என்பதை இளைய தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களை மாநகராட்சியே மான்குர்டில் குடியமர்த்திய இடம் ஜனதா காலனி. அணுசக்தி நிறுவனத்தின் விரிவாக்கத்துக்காக அது 1976 மே மாதம், அவசரநிலையின் இருட்டில், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் டிராம்பேயின் சதுப்பு ஓரத்துக்குத் துரத்தப்பட்டார்கள். அரசு கொண்டுவந்து வைத்த மக்களை அரசே இரண்டாம் முறை பிடுங்கி எறிந்தது. அந்தக் காலனியின் போராட்டத் தலைவராக உருவானவர் கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புத் தேடி வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். காலனியின் குப்பையை மாநகராட்சி அள்ளாததைக் கண்டித்து, பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் சுமக்கச் செய்து, அலுவலக வாசலில் கொட்டவைத்த நிகழ்ச்சியை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை நிறுவி, 2000 இல் மகசேசே விருது பெற்று, 2018 இல் மறைந்த அவர், பிற்காலத்தில் அரசோடும் உலக வங்கித் திட்டங்களோடும் உடன்பட்டுப் பேரம் பேசும் வழியைத் தேர்ந்தார். அவ்வழி இடதுசாரிகளுக்கு உடன்பாடானதல்ல. அது தனி விவாதம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஊர்வலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. குப்பை அன்றாடத் தொல்லையாக இருந்தவரை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு சமாளித்தது. அதைத் தூக்கி உரிய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டபோதுதான், யார் பொறுப்பாளி என்ற கேள்வி எழுந்தது.

இன்று அதே நாடகம் பெரிய அளவில் திரும்புகிறது. தாராவி மறுமேம்பாட்டுக்கான ஒப்பந்தத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் கைப்பற்றியது. திட்ட நிறுவனத்தில் 80 சதவீதம் அக்குழுமத்துடையது. 20 சதவீதம் மாநில அரசினுடையது. 2000 க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்பவருக்கே தாராவியில் வீடு. 2000 முதல் 2011 வரை குடிவந்தவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டி தாராவிக்கு வெளியே போக வேண்டும். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் வாழ்வோருக்கும் வெளியே வாடகை முறை வீடு. அந்த ‘வெளியே’ எங்கே? 2024 அக்டோபரில் மாநில அரசு இதற்கென ஒதுக்க முடிவெடுத்த நிலங்களில் தேவ்நார் குப்பை மேட்டின் 124 ஏக்கரும் ஒன்று. நூறாண்டுக் குப்பை மேல் வீடு! அதைச் சுத்தம் செய்ய மாநகராட்சி கோரிய ஒப்பந்தத்தின் மதிப்பீடு சுமார் 2,368 கோடி ரூபாய். அகற்ற வேண்டிய குப்பை 185 லட்சம் டன். அவகாசம் மூன்று ஆண்டு. செலவு மக்கள் வரிப்பணம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தாராவியின் சதுப்பைத் தம் கையால் மேடாக்கி, தோல் பதனிட்டும் இட்லி அவித்து விற்றும் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களின் வாரிசுகளில் ஒரு பகுதியினர், மாடி அறையில் குடியிருந்த குற்றத்துக்காக இந்த மேட்டுக்கு அனுப்பப்படக்கூடும். என்ன நடக்கும் என்பதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. 2017 முதல் தான்சா குழாய்த்தடத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் செம்பூரை அடுத்த மாகுலுக்கு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மடிக்கு, அனுப்பப்பட்டார்கள். அங்கே காற்று மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்தாக இருக்கிறது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015 லேயே சொல்லியிருந்தும் அனுப்பினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019 இல் உயர்நீதிமன்றம், அங்கே போக மறுப்பவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் தர உத்தரவிட்டது.

நிச்சயமின்மையோடு வாழப் பழகு என்ற உபதேசம் அதானி குழுமத்துக்குச் சொல்லப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மும்பையில் வேறெங்கும் கூடுதல் மாடி கட்ட விரும்பும் கட்டுமான நிறுவனம், தனக்குத் தேவைப்படும் மாற்றத்தகு கட்டுமான உரிமையில் முதல் 40 சதவீதத்தைத் தாராவித் திட்டத்திடமிருந்தே வாங்கியாக வேண்டும் என மாநில அரசு விதி செய்திருக்கிறது. விற்குமா விற்காதா என்ற சாதாரண வியாபாரியின் கவலைகூட அங்கே இல்லை. சந்தையின் ஆபத்தை ஏற்பதற்குக் கிடைக்கும் வெகுமதியே லாபம் என்று முதலாளித்துவப் பொருளாதாரப் பாடநூல்கள் கூறும். தேவ்நாரில் ஆபத்தை ஏற்பவர் ஒருவர். லாபத்தை எடுப்பவர் இன்னொருவர்.

2,700 பேர்

இந்த நிலையை மாற்ற முடியாதா? இதே மும்பையில், இதே குப்பைத் தொழிலில், மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். 1990 களின் பிற்பகுதியிலிருந்து மாநகராட்சி குப்பை அள்ளும் வேலையைச் சிறு சிறு ஒப்பந்தக்காரர்களிடம் பிரித்துக் கொடுத்தது. 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கே பொருந்தும் என்பதால், ஒரு ஒப்பந்தத்தில் அதற்குக் குறைந்த ஆட்களே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தின் ஓட்டைக்கு ஏற்ப ஆட்களை வெட்டிப் பங்கிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். பெரும்பாலும் தலித் தொழிலாளர்களான அவர்களைத் தொழிலாளர் என்று அழைக்கவும் மறுத்து, தொண்டர்கள் என்று பெயரிட்டார்கள். சிதறிக் கிடந்த இவர்களைக் கச்ரா வாகதுக் ஷ்ரமிக் சங்கம் ஒன்றுசேர்த்தது. தொழில் தீர்ப்பாயம் 2014 இல் 2,700 பேரையும் நிரந்தரத் தொழிலாளர்களாக ஏற்கும்படி தீர்ப்பளித்தது; மாநகராட்சி மேல்முறையீடு செய்து உயர்நீதிமன்றத்தில் தோற்றது; 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது. அதன் பிறகும் பெயரின் எழுத்து ஒத்துவரவில்லை, ஆவணம் பொருந்தவில்லை என்று பலரை நிறுத்திவைத்தார்கள். தீர்ப்பு வரும் முன்பே இறந்தவர்களும் உண்டு. இருந்தும், நாளை வேலை உண்டா என்று தெரியாமல் இருந்தவர்கள் அந்த நிச்சயத்தைத் தாமே வென்றெடுத்தார்கள். வளைந்து கொடுத்து அதைப் பெறவில்லை.

ஆளும் வர்க்கமும் இதிலிருந்து பாடம் கற்றிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த சட்டத்தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20 இலிருந்து 50 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஓட்டை பெரிதாகிவிட்டது, இனி 49 பேர் வரை அதற்குள் நுழையலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன், தனியார்மயத்தை எதிர்த்து இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்திருந்ததையும், நள்ளிரவில் காவல்துறை அவர்களை அள்ளிச் சென்றதையும் தமிழ்நாட்டுத் தோழர்கள் நேரில் கண்டார்கள். மாநிலம் வேறு, ஆளும் கட்சி வேறு, வேலைமுறை ஒன்றே. கொடுங்கையூர் மக்களுக்கும் தேவ்நார் மக்களுக்கும் இடையே உள்ள தூரம் வரைபடத்தில் தெரிவதைவிடக் குறைவு.

யார் தொழிலாளி?

இனி கட்சி அணிகளுக்குள்ளேயே பேச வேண்டிய ஒரு விஷயம். ‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புருமேர்’ நூலில் மார்க்ஸ் உதிரிப் பாட்டாளிகள் என்று அடுக்கும் பட்டியலில் கந்தல் பொறுக்குவோரும் இருக்கிறார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு, குப்பை பொறுக்குவோர் மத்தியில் வேலை செய்வதில் பயனில்லை, அவர்களை யாரும் விலைக்கு வாங்கிவிடலாம் என்று கருதும் தோழர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாரிசில் ஒரு சாகசக்காரனின் கூலிப்படையை விவரித்த பட்டியல் அது. எல்லாக் காலத்துக்குமான சாதிச் சான்றிதழ் அல்ல. அதே மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியின் 25 ஆம் அத்தியாயத்தில் உபரி மக்கள்தொகையின் தேங்கிய பகுதியைப் பற்றிப் பேசும்போது, வேலை மிக ஒழுங்கற்றதாக இருப்பினும் அவர்கள் செயலிலுள்ள தொழிலாளர் படையின் ஒரு பகுதியே என்று வகைப்படுத்துகிறார். தேவ்நாரில் பொறுக்கப்படும் பிளாஸ்டிக் ஆலைக்கு மூலப்பொருளாகப் போகிறது. அதைச் சேகரித்த உழைப்பின் மதிப்பு அந்தச் சரக்கில் ஏறியிருக்கிறது. முதலாளி அதற்கு முழு விலை தருவதில்லை. நேரடியாக வேலைக்கு அமர்த்தாமலே சுரண்ட முடிந்த தொழிலாளி அவர். அவர் உற்பத்திக்கு வெளியே இருப்பவர் என்று சொன்னால், ஆலை முதலாளியின் கணக்குப்புத்தகத்தையே நம்பியதாக ஆகும்.

நடைமுறைச் சிக்கல் இதைவிடக் கடினமானது. ஆலைவாசலில் ஷிப்ட் முடியும் நேரத்தில் துண்டறிக்கை கொடுத்துப் பழகிய சங்கத்துக்கு, வாசலே இல்லாத வேலைத்தலத்தில் எங்கே நிற்பது என்று தெரிவதில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கிளைக் கூட்டம் என்றால், அன்று லாரி எப்போது வரும் என்று தெரியாதவர் எப்படி வருவார்? வராதவரைக் கட்டுப்பாடற்றவர் என்று அறிக்கையில் எழுதுவது எளிது. சந்தாவை மாதக் கணக்கில் கேட்பதைவிட, மழைக்கு முந்தைய மாதங்களில் வாங்கிவிடுவது அவர்களுக்குத் தோது. இவை சில்லறை விஷயங்கள் போலத் தோன்றலாம். சங்கம் நிலைப்பதும் கலைவதும் இவற்றால்தான். புனேயில் 1993 இல் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து உருவானபோது அடையாள அட்டையிலிருந்துதான் தொடங்கினார்கள். அட்டை கையில் இருந்தால் போலீஸ்காரர் திருடி என்று அழைக்க முடியாது. அங்கிருந்து வளர்ந்து 2008 இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் கூட்டுறவாக உயர்ந்தது. அதற்கும் குறைகள் உண்டு. மாநகராட்சி தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அது இடமளிக்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தொடங்கிய இடம் சரி.

தேவ்நாரில் பெண்களின் சீட்டுக் குழு ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர் முறை இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கடன் என்பதை மனக்கணக்காக வைத்திருக்கும் பெண் ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார். அமைப்பு இல்லாத இடத்துக்குக் கட்சி அமைப்பைக் கொண்டுபோவதாக எண்ணுவது தவறு. இருக்கும் அமைப்பைக் கண்டுகொண்டு, அதைச் சமாளிப்பிலிருந்து கோரிக்கைக்கு நகர்த்துவதே வேலை. கோரிக்கைகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. 185 லட்சம் டன்னைக் கிளறிப் பிரிக்கப்போகும் ஒப்பந்தத்தில், இத்தனை ஆண்டுகள் அதைப் பிரித்தவர்களுக்கு முதல் உரிமையும் சட்டப்படியான கூலியும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் மாநகராட்சியின் அடையாள அட்டை வேண்டும். குப்பை மேட்டில் யாருக்கும் வீடு கட்டக் கூடாது. தாராவி மக்களுக்குத் தாராவியிலேயே வீடு, மாடி அறைவாசிகளுக்கும் சேர்த்து. தாராவியிலிருந்து வரப்போகிறவரும் தேவ்நாரில் இருப்பவரும் ஒரே இடத்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய்க்கும் போட்டியிடும்படி அரசு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. மொழி, மத வேறுபாட்டைக் கிளற வகுப்புவாத சக்திகள் காத்திருக்கின்றன. இரு தரப்பையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்கும் வேலையை, தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் பேசத் தெரிந்த தோழர்கள் இருக்கும் கிளைகள் முதல் வீடு காலியாவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கூட்டத்தின் நேரத்தை லாரி வரும் நேரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வைக்க வேண்டும்.